பிப்புக்குப் பின்பக்கம் என்ன எழுதினீங்க?

2024 ஏப்ரலில் ஊருக்குப் போயிருந்தப்போ பெங்களூர்ல 10 கிலோமீட்டர் ஓடினேன்னு சொன்னா இங்கே சிகாகோவில் ஒருத்தரும் நம்புறதில்லை. நம்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது ஓட்டத்தைப் பத்தி இல்லை. அதுக்கு முன்னாடி நம்பர் வாங்கப் போன கதை.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தங்கமணி வீடு பெங்களூர் அல்சூர். லீவுக்கு வந்தா பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்பது கல்யாணத்தின்போதே போட்ட ஒப்பந்தம். இந்த முறை நான் மட்டும்தான் வந்தேன், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அல்சூர் பங்கைக் கொஞ்சம் உபயோகமாக் கழிப்போமேன்னு டி.சி.எஸ். வேர்ல்டு 10கே-வுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தேன். 2008-ல் ஆரம்பித்த ஓட்டம், கென்யாக்காரர்களும் எத்தியோப்பியாக்காரர்களும் வந்து பறப்பார்கள். பின்னால் நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இந்த மாதிரி ஓட்டங்களில் நம்பர் அட்டையை (பிப் என்பார்கள்) வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எக்ஸ்போவுக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி வாங்கணும். நான் பார்த்த எக்ஸ்போக்கள் எல்லாம் ஒரே மாதிரி. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை வாசலில் கொடுக்காமல், சமையல்கட்டு, ஸ்டோர் ரூம் எல்லாம் சுத்திட்டு வந்து வாங்கிக்கோன்னு சொன்ன மாதிரி இருக்கும். வழி நெடுக ஷூ, சாக்ஸ், கறுப்புக் கண்ணாடி, ஜெல் பாக்கெட், முட்டியில் ஒட்டுகிற கலர் டேப், முதுகில் வைத்தால் டிரில்லிங் மெஷின் மாதிரி அதிர்கிற ஒரு சாமான். சிகாகோ மாரத்தானுக்கு மெக்கார்மிக் பிளேஸில் நடக்கிற எக்ஸ்போ அளவில் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன வயசில் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனவங்களுக்கு இது புதுசே இல்லை. டெல்லி அப்பளம்தான் மிஸ்ஸிங்.

ஒரு தம்பி என் பாதத்தைப் பார்த்தே "சார், உங்களுக்கு ஆர்ச் சப்போர்ட் பத்தாது" என்றார். 46 வருஷமா அந்தப் பாதத்தோடதான் நடக்கிறேன், தம்பி. ஓட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி புது ஷூ வாங்குறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். புதுச் செருப்பு கடிக்கும்னு நம்ம பாட்டிக்கே தெரியும். அந்த ஜெல்லும் அப்படித்தான், ஒரு தடவையாவது பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காமல் அன்னைக்குப் போய் வயித்துக்குள்ள இறக்கினா, அப்புறம் ஓட்டம் வேற திசையில் இருக்கும். சரி, இதெல்லாம் காசோட போற விஷயம்.

காசோட போகாத விஷயம் வேற. என்கூட மச்சினனும் வந்திருந்தான். அவன் பெயர் கொடுக்கப் போனப்போ பதிவு முடிஞ்சு போச்சாம். கவுன்ட்டர் வரிசையில் நிற்கும்போது மெதுவா ஆரம்பிச்சான்.

"அத்தான், நேத்து முட்டி வலிக்குதுன்னீங்களே?"

"ஆமா."

"அப்போ நம்பரை எங்கிட்ட குடுங்களேன், நான் ஓடுறேன். காசு வீணாப் போகாது பாருங்க."

நியாயமான கேள்விதான். நம்மாளுங்களுக்குக் காசு வீணாப் போறதுன்னா உயிர் போற மாதிரி. ஆனா எனக்கு இதில் ஒரு பழைய கதை தெரியும்.

சில வருஷம் முன்னாடி, வேறொரு ஊர் ஹாஃப் மாரத்தான். நண்பர் ஒருவர் காய்ச்சல்னு ஓடலை, நம்பரை ஆபீஸ் தோழருக்குக் கொடுத்துட்டார். அந்தத் தோழர் 17-வது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தார். மருத்துவக் கூடாரத்தில் நம்பரைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரில் இருந்த அவசர எண்ணுக்கு போன் போட்டார்கள். எடுத்தது நண்பரின் மனைவி. "மேடம், உங்க ஹஸ்பண்ட் மயங்கி விழுந்துட்டார்." அந்தம்மா திரும்பிப் பார்த்தால் ஹஸ்பண்ட் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறார். ராங் நம்பர்னு வச்சிட்டாங்க!

சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா அந்தத் தோழர் மூணு மணி நேரம் வேறொருத்தர் பெயரில், வேறொருத்தர் ரத்த வகையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீட்டுக்குத் தகவல் போனது மதியம். பிழைச்சிட்டார், இப்போ நல்லா இருக்கார். அதனாலதான் இதைச் சிரிச்சுக்கிட்டே எழுத முடியுது.

எப்பவும் அப்படி முடியறதில்லை. 2007 அக்டோபர் 7-ம் தேதி சிகாகோ மாரத்தானை நான் ரோட்டோரம் நின்னு பார்த்தேன். அக்டோபரில் 31 டிகிரி வெயில். ஓட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள், 35 வயசுக்காரர் ஒருவர் இறந்தார். 2020 ஜனவரியில் மும்பையில் 64 வயசுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனார். உடனே "அதுக்குத்தான் ஓடாதேன்னேன்"னு வீட்டுப் பெரியவங்க கிளம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2000-லிருந்து 2010 வரை மாரத்தான், ஹாஃப் மாரத்தான் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2012-ல் வெளியானது. அத்தனை பேரில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. மிகவும் குறைவு. ஆனால் அந்த 59-ல் 42 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஆண்கள், சராசரி வயசு 42. பிழைத்தவர்களில் பலருக்கு, பக்கத்தில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததுதான் உயிர் கொடுத்தது. ஆக, விழுந்தால் முதல் சில நிமிஷம்தான் கணக்கு. யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் நாம். அவருக்கு நம்மைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் அந்த அட்டையில் இருக்கிறதுதான்.

அதனால நம்பரை மாத்திக்கொடுக்கிறது நட்பு இல்லை, வம்பு. இதில் ஓட்டம் நடத்துறவங்களையும் சொல்லணும். காசு திரும்பாது, பெயரும் மாத்த முடியாதுன்னா ஜனங்க குறுக்கு வழிதான் பார்ப்பாங்க. சிகாகோவில் முடியலைன்னா அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாம் (மறுபடி காசு கட்டணும், அது வேற கதை). எக்ஸ்போவில் அத்தனை கடை போட இடம் இருக்கு, முறைப்படி பெயர் மாத்திக்கொடுக்க ஒரு மேஜை போட இடம் இல்லையா?

மச்சினனுக்கு முகம் சுண்டிப் போச்சு. பாஸ்போர்ட்டைக் காட்டி நம்பரை வாங்கிக்கிட்டு ஓரமா வந்து, அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் நாம நிரப்ப வேண்டியது. ரத்த வகை, அலர்ஜி, சாப்பிடுகிற மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும். பலரும் இதைக் காலியா விட்டுட்டு முன்பக்கத்தை மட்டும் செல்ஃபி எடுக்கிறார்கள்.

நானும் பேனாவை வச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன். யார் பெயரை எழுதறது? ஆன்லைனில் பெயர் கொடுத்தப்போ யோசிக்காமல் தங்கமணியின் அமெரிக்க நம்பரைப் போட்டிருந்தேன். பெங்களூரில் காலை 6 மணி என்றால் சிகாகோவில் முந்தின நாள் ராத்திரி 7.30. பொண்ணு டான்ஸ் கிளாஸ் வாசலில் இருப்பாள், தெரியாத இந்திய நம்பரை எடுக்க மாட்டாள், எடுத்தாலும் 20 மணி நேரத்துக்கு அப்பால் இருந்துகொண்டு அழுவதைத் தவிர என்ன செய்வாள்? கோவில்பட்டியில் அம்மா. "மெடிக்கல் டீம்"னு கேட்டதும் அவங்களுக்குத்தான் முதலுதவி தேவைப்படும். மாமனாருக்கு 76 வயசு, காது மந்தம், போன் சாமி அலமாரியில் இருக்கும்.

வெளியூர்ல, வெளிநாட்ல இருக்கிற நம்ம எல்லாருக்கும் இந்தக் கட்டம் ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூட பாரத்தில், ஆபீஸ் பாரத்தில், பல் டாக்டர் பாரத்தில். நெருங்கின ஆள் யாருன்னா டக்குனு எழுதிடுவோம். கேட்கிறது அது இல்லையே. அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய ஆள் யாரு? சிகாகோவில் எங்க பாரங்களில் ரெண்டு வருஷம் முன்னாடி காலி செய்துட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான் இன்னும் இருக்குன்னு அப்போதான் ஞாபகம் வந்தது. (வந்ததும் மாத்தினேன்.)

"டேய் மாப்ளே, உன் பெயரை எழுதுறேன். காலையில போனை சைலன்ட்ல போடாதே" என்றேன்.

அடுத்தது மருந்து. மூணு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். தங்கமணிக்குத் தெரியும், அல்சூரிலும் கோவில்பட்டியிலும் தெரியாது. போனில் "நல்லா இருக்கேன்" சொல்லியே பழகிட்டோம். ஒரு நிமிஷம் தயங்கி, டெல்மிசார்டன் 40-ன்னு எழுதினேன்.

வீட்டில் மேஜை மேல் வச்ச அட்டையை மாமனார் கண்ணாடி போட்டு முன்னும் பின்னும் படிச்சார். ஒண்ணும் சொல்லலை. உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையோட வந்தார். "எனக்கும் இதான் மாப்பிள்ளை. நாலு வருஷமாச்சு. பாப்பா கிட்ட சொல்லிடாதீங்க, பயப்படுவா." ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பிரஷரைப் பத்திப் பேசினோம். 19 வருஷத்தில் அவர்கூட நான் பேசின நீளமான பேச்சு அதுதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு. ரெண்டு நாள் முன்னாடிதான் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிஞ்சிருந்தது, சுத்தி நின்னவங்க விரலில் எல்லாம் மை. அன்னைக்கு மதியம் பெங்களூரில் 38.5 டிகிரி. நல்லவேளை, ஓட்டம் விடிகாலையில். ஆண்களில் ஜெயிச்சவர் கென்யாவின் பீட்டர் ம்வானிகி, அரை மணிக்கும் குறைவான நேரம். நான் அதே தூரத்துக்கு 1 மணி 19 நிமிஷம், முட்டி வலி உட்பட. ஊரே தண்ணிப் பஞ்சத்தில் இருந்ததால் வந்ததும் ஒரு பக்கெட்தான்னு மாமியார் முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க.

போனை எடுத்துப் பார்த்தா மச்சினன்கிட்டேயிருந்து ஏழு மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டா, "முடிஞ்சுதா அத்தான்? நீங்க விழுந்தா எடுக்கணுமேன்னு நாலரை மணிலேர்ந்து போனைக் கையிலேயே வச்சிருக்கேன். இப்போ நான் குளிக்கப் போலாமா?"