அந்தக் கோடு சும்மா போட்டதில்லை

பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான், சைக்கிள் வளரவில்லை. "சீட்டைக் கொஞ்சம் ஏத்தி விடுப்பா" என்கிறார் அப்பா. கடைக்காரர் போல்ட்டை லூசாக்கி, சீட்டை ஒரு இழு இழுத்து, மறுபடி முறுக்கிக் கொடுக்கிறார். அஞ்சு நிமிட வேலை. சீட் பைப் இன்னும் எவ்வளவு உள்ளே மிச்சம் இருக்கிறது என்று மட்டும் இருவரும் பார்ப்பதே இல்லை.

அந்த பைப்பை முழுசாக உருவினால் கீழ்ப்பக்கத்தில் ஒரு கோடோ, வரிசையாகச் சின்னக் கோடுகளோ இருக்கும். குறைந்தபட்சம் அதுவரைக்கும் பிரேமுக்குள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். கோடு வெளியே தெரிகிறதா, அந்த சைக்கிளில் ஏறக் கூடாது. ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தர விதி இந்தக் கோட்டைக் கேட்கிறது. பைப்பின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உள்ளே இருக்கும்படி கோடு போட வேண்டும். 25.4 மி.மீ. பைப் என்றால் சுமார் 5 செ.மீ. இது அடிமட்டக் கணக்குதான். பைப்பின் முனை, மேல் பார் வந்து சேரும் பற்றவைப்பையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால்தான் நிம்மதி.

"போல்ட்டை இறுக்கமாப் போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு (பயப்படாதீங்க, டேலியை விட சுலபம்). சீட் பைப் நட்டுக்குத்தலாக நிற்பதில்லை. பல சைக்கிள்களில் சுமார் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். 60 கிலோ ஆள் முழு எடையையும் போட்டு உட்கார்ந்தால், அதில் 17.5 கிலோ பைப்பைப் பின்னால் வளைக்கப் பார்க்கும். வெளியே 25 செ.மீ., உள்ளே 5 செ.மீ. என்றால் அது சரியான கடப்பாரை. பைப்பின் அடிமுனை பிரேமின் உள்சுவரை கிட்டத்தட்ட 88 கிலோ அளவுக்கு நெம்பும். உள்ளே 10 செ.மீ. இருந்தால் அதுவே 44 ஆகிவிடும். இது சும்மா உட்கார்ந்திருக்கும் கணக்கு. ஸ்பீடு பிரேக்கர், பள்ளம், கேரியரில் நண்பன் எல்லாம் தனி.

இதில் போல்ட்டை இறுக்கி என்ன பயன்? அது பைப் கீழே வழுக்காமல் பிடிக்கும், அவ்வளவுதான். நெம்புவதைத் தடுக்காது.

"இத்தனை வருஷமா இப்படித்தான் ஓட்டறோம், ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்த வாதம். உலோகம் களைத்துப் போவது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு குலுக்கலிலும் நூல் அளவு விரிசல் வளரும். இரும்பு பெரும்பாலும் கொஞ்சம் வளைந்தாவது காட்டும். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையலாம். உடைந்தால் பையன் பின்பக்கமாக விழுவான். பிரேமில் மிச்சமிருக்கும் உடைந்த குழாய் மேல்நோக்கி நின்றுகொண்டிருக்கும். அதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

அதற்காக சீட்டை இறக்கியே வைத்து, இரண்டு காலும் தரையில் படிய ஓட்டுவது பாதுகாப்பு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். குரங்குப் பெடல் போடும் வயதுக்குச் சரி. வளர்ந்த பிறகும் அப்படியே ஓட்டினால் முட்டிதான் அழும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். உயரம் அதுதான். அந்த உயரத்துக்குக் கோடு வெளியே வருகிறதென்றால் பிரேம் சின்னது, அவ்வளவுதான் விஷயம்.

புது சைக்கிளுக்குக் காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. அதே விட்டத்தில் நீளமான பைப் தனியாகக் கிடைக்கிறது. புது சைக்கிள் விலையில் அது ஒரு சின்னப் பங்கு. ஆனால் இதை வாடிக்கையாளரே கண்டுபிடித்துக் கேட்க வேண்டுமாம்! கியர் எத்தனை, கலர் எது என்று அரைமணி நேரம் பேசும் விற்பனையாளர், இந்தக் கோட்டைப் பற்றி அரை நிமிடம் பேசினால் வியாபாரம் படுத்துவிடுமா? கோடு தெரிய சீட்டை ஏற்றிக் கொடுக்கும் கடைக்காரர் செய்வதும் உதவி இல்லை.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில பைப்புகளின் அடியை ரம்பத்தால் அறுத்திருப்பார்கள். அப்போது கோடு இருக்கும், கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய நீளம் இருக்காது. சிலவற்றில் விட்டம் பொருந்தாமல் தகரத்தை மடித்துச் செருகியிருப்பார்கள். காசு கொடுக்கும் முன்பே ஒரு ஸ்பானர் வாங்கி, பைப்பை முழுசாக உருவிப் பார்த்துவிடுங்கள்.