விளையாட்டுக் கணக்கும் வீட்டுச் சாவியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சாலவாக்கத்தில் நமது பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் கல்குவாரியில் லாரி ஓட்டுபவர். மகனுக்கு வயது பதினான்கு. "சாமி, இவன் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பதில் இல்லை. நீங்களாவது கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளித் திண்ணைக்குச் சென்று அமர்ந்தார்.

பையன் நெடுநேரம் தரையையே பார்த்திருந்தான், பின்னர்ச் சொன்னான். அக்காளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசாங்க மடிக்கணினியில் இரண்டு ஆண்டுகளாக ஒரு விளையாட்டை விளையாடி வந்திருக்கிறான். அதற்கான தொகையை மாமா பரிசாகக் கட்டியிருக்கிறார். ஒரு நாள், அவ்விளையாட்டில் அறிமுகமான ஒருவனிடமிருந்து செய்தி வந்தது: "உன் கணக்கின்மேல் திருட்டுப் புகார் சென்றுவிட்டது. தவறுதலாக நான்தான் கொடுத்துவிட்டேன். இந்த அதிகாரியிடம் பேசு, சரியாகிவிடும்." 'அதிகாரி'யும் பேசினான், வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டான். பையன் கொடுத்தான். பத்து நிமிடத்தில் கணக்கு அவன் கையை விட்டுப் போயிற்று.

"அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை, தம்பி?" என்று வினவினோம். "அந்தக் கம்ப்யூட்டரால் ஏதாவது வம்பு வந்தால் உடைத்துப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார், ஃபாதர். அது அக்காவுடையது" என்றான்.

தந்தை, மகன் இருவரின் இசைவோடும் இதனை எழுதுகிறோம். இத்தகைய வீடுகள் நம் பங்கில் ஒன்றிரண்டல்ல. 2011ஆம் ஆண்டு அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், வயலுக்கும் குவாரிக்கும் செல்வோர் இல்லங்களிலும் கணினி வந்துவிட்டது. அது பாடத்திற்கும் பயன்படுகிறது, விளையாட்டிற்கும் பயன்படுகிறது. விளையாடாத பிள்ளை உண்டோ? ஆகவே, "விளையாடாதே" என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல், கணக்கைத் திறப்பது எவ்வாறு, காப்பது எவ்வாறு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

விளையாட்டுக் கணக்கு என்பது யாது? கடையில் வைக்கும் பற்றுக் கணக்கைப் போன்றதே. யார் வாங்கினார், என்ன வாங்கினார், இதுவரை என்ன சேர்த்தார் என்பவை யாவும் ஒரு பெயரின்கீழ்ப் பதியப்படுகின்றன. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு கணினிக்குள் இருப்பதாகப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அதனை விளையாடும் உரிமையோ அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கணக்குப் போனால், கணினி மேசைமேல் இருந்தும் பயனில்லை.

திறக்கும்போதே செய்யவேண்டியன சில உள. முதலாவது, பெற்றோர் அருகிலிருக்கத் திறத்தல் வேண்டும். விளையாட்டு நிறுவனங்கள் வயது வரம்பு வைத்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் 13 வயது நிறையாதவருக்குக் கணக்குத் தருவதில்லை. மைன்கிராஃப்ட் விளையாட மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அங்கே பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கணக்கோடு ஒரே குடும்பமாக இணைக்கும் வசதி உண்டு. 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று வகுத்திருக்கிறது. பிள்ளைகள் பலர் பிறந்த ஆண்டைக் குறைத்து எழுதி வரம்பைத் தாண்டிவிடுகின்றனர். பொய் ஒருபுறம் இருக்கட்டும்; கணக்கை மீட்கும் வேளையில் பிறந்த தேதியைக் கேட்டால், அன்று எழுதிய தேதி நினைவில் இராது.

இரண்டாவது, மின்னஞ்சல். இதுவே எல்லாவற்றிற்கும் வேர். கடவுச்சொல் மறந்தால் புதியது அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். எனவே அதனைப் பிடித்தவன் அனைத்தையும் பிடித்தவனாவான். நம் பையனின் மின்னஞ்சல், அவன் ஒன்பது வயதில் ஒரு கணினி மையத்தில், தாயாரின் பழைய கைப்பேசி எண்ணை வைத்துத் திறக்கப்பட்டது. அந்த எண் இப்பொழுது இல்லை. பணம் போடாது விட்ட எண் சில மாதங்களில் நின்றுபோகும். பின்னர் வேறொருவருக்கும் வழங்கப்படலாம். எண் மாறினால் கணக்குகளிலும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல். ஒழுங்கின்றித் தேர்ந்த எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் அமையும் சொற்கள் ஏறத்தாழ 20,882 கோடி. பெரிய தொகைதான். ஆயினும் களவுபோன தரவை வைத்துக்கொண்டு நொடிக்கு நூறு கோடி முறை ஊகிக்கும் கருவிக்கு, அவை அனைத்தையும் சோதிக்க நான்கு நிமிடம் ஆகாது. எழுத்துகளைப் பதினாறாக்கினால் அதே கருவிக்குப் பதின்மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். நீளமே வலிமை. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல் எத்தனை நீளமாயினும் ஆகாது. ஊரார் அறிந்ததைத் திருடனும் அறிவான். ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்தில் வைத்தலும் கூடாது. 2011 ஏப்ரலில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வலையமைப்பில் திருடர் புகுந்தபோது, ஏறத்தாழ 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளிப்பட்டன. நம் பக்கம் குற்றமில்லாதபோதும் நம் சொல் வெளியே போகக்கூடும். ஒரு சாவி போனால் ஒரு கதவோடு நிற்க வேண்டும்.

நான்காவது, இரண்டாம் பூட்டு. கடவுச்சொல்லுக்குப்பின் கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணையும் கேட்கும்படி அமைத்தல் இது. பெரும்பாலும் முப்பது நொடிக்கு ஒருமுறை அந்த எண் மாறும். அமைக்கும்போது மீட்பு எண்கள் சிலவற்றைத் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும் அத்தாள் காப்பாற்றும்.

இத்தனையும் செய்தாலும் பூட்டை உடைக்காமலே திருடலாம் என்பதை மறவாதீர்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் பறிபோவதாக 2015 டிசம்பரில் தானே அறிவித்தது. நம் பையனிடம் வந்தவன் எதையும் உடைக்கவில்லை. அச்சமூட்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு சிலர் இலவச நாணயம் என்று ஆசையூட்டுவர்; வெற்றிக்குக் குறுக்கு வழி என்று ஒரு நிரலை இறக்கச் சொல்லி, அதற்குள் வேவு நிரலை வைத்திருப்பர். உண்மையான நிறுவன ஊழியர் எவரும் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கேட்பதில்லை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் வேண்டியதில்லை; கொடுப்பதற்கே வேண்டும். பெற்றோரின் வங்கி அட்டை விவரம் விளையாட்டுக் கணக்கில் தங்கியிருத்தல் கூடாது. கணினி மையத்தில் விளையாடினால் வெளியேறிவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் வேறு வகை. அவற்றைத் தடைசெய்யும் மத்தியச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற, 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அங்கே கணக்கைக் காக்கும் வழியைத் தேடவேண்டாம், திறவாதிருப்பதே வழி.

நம் வட்டத் தலைநகராகிய உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டுகளை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் வாரியத்திற்கு ஆள் தேரும் விதிகள் அவற்றில் உள. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். மறைப்பதற்கு இடமிருக்கலாகாது என்பதற்காகவே இவ்விதி. சபை நடுவே நிற்பவருக்கு விரித்த கை பாதுகாப்பு. வீட்டிலும் அவ்வாறே. ஆனால் கையை விரித்தால் அடி விழும் என்று அஞ்சும் பிள்ளை, விரலை மூடித்தான் கொள்வான்.

அன்று மாலை திண்ணையிலிருந்த தந்தையை உள்ளே அழைத்தோம். பையனே அனைத்தையும் சொன்னான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "கணக்குப் போனது போகட்டும். பத்தொன்பது நாள் எப்படியடா தனியாக வைத்துக்கொண்டிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். பையன் அழுதான்.

மறுநாள் மூவரும் அமர்ந்தோம். நல்வாய்ப்பாகத் தாயாரின் பழைய கைப்பேசியில் அந்த மின்னஞ்சல் திறந்தபடியே இருந்தது. முதலில் அதன் கடவுச்சொல்லை மாற்றி, புதிய எண்ணைச் சேர்த்தோம். பின்னர், மாமா பணம் கட்டிய இரசீதை இணைத்து நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் முறையிட்டோம். ஆறு நாளில் கணக்குத் திரும்பியது. அதில் அவன் இரண்டு ஆண்டுகளாய்ச் சேர்த்திருந்த பொருள்கள் திரும்பவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அவையும் தப்பியிருக்கக்கூடும். வங்கிப் பணம் போயிருந்தால் இந்த விரைவு இன்னும் இன்றியமையாதது; உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பெற்றோரே, இம்மாதம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து, "உன் கணக்கைக் காட்டு" என்று அதட்டாமல், "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். மின்னஞ்சலையும் எண்ணையும் சரிபாருங்கள். இரண்டாம் பூட்டைப் போடுங்கள். மீட்பு எண்களைப் பெட்டியில் வையுங்கள். எழுந்திருக்குமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "ஏமாந்தால் என்னிடம் வா, கோபிக்கமாட்டேன்." சொன்னதைக் காப்பாற்றுங்கள்.

மடிக்கணினி இன்னும் அக்காளுடையதாகவே இருக்கிறது, உடையவில்லை. மீட்பு எண் எழுதிய தாள் குடும்ப அட்டைக்குக் கீழே இருக்கிறதென்று தந்தை நம்மிடம் சொன்னார். அதை எழுதியவர் அவரே.