அதிர்ந்தால்தான் சத்தமா?

எங்கள் பக்கத்தில் ஹோம் தியேட்டரின் தரம் பார்க்கக் காது தேவையில்லை, கண்ணாடி அலுமாரி போதும். உள்ளே கோப்பைகள் கிலுகிலுத்தால் "செட் நல்ல செட்". கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் பேஸை முழுதாகக் கூட்டிவிடுவது கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஏறக்குறைய சடங்காகிவிட்டது. பேஸ் கூடினால் தரம் கூடும் என்பது சுத்தப் பிழை.

பெட்டியில் 3000 வாட் பி.எம்.பி.ஓ. (உச்ச வாட் கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குக்கு உலகத்தில் எந்தத் தரநிர்ணயமும் கிடையாது. செட்டைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். கரண்டில் இழுப்பது பல செட்டுகளில் 100 வாட்டையும் தாண்டாது. உண்மையாகவே வாட் இரட்டித்தாலும் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகப் பட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

அடுத்தது நம் ஹோல். சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் கதிரை. 4 மீற்றர் நீள அறை 43 ஹேர்ட்ஸ் அளவிலான சத்தத்தைத் தானாகவே பெருக்கிவிடும். ஊஃபரை மூலையில் தள்ளினால் இன்னும் மோசம். வசனம் அந்த பேஸில் அமுங்கிப்போகிறது. "என்ன சொன்னான்?" என்று உம்மா கேட்க, மகன் சத்தத்தைக் கூட்டுகிறான், சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுகிறான். போதாக்குறைக்கு, பின்னால் இருக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களும் டீவிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும்!

"தியேட்டரிலும் அதிருதே?" என்பார்கள். அதிரும், ஆனால் அளந்து அதிரும். 5.1 என்பதிலுள்ள அந்த .1 சுமார் 120 ஹேர்ட்ஸ் வரைக்குமான தனித்தடம். இடி, வெடி போன்றவற்றுக்கென ஒதுக்கியது. வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது.

ஆகவே 'ஸ்டேடியம்', 'ஹோல்' என்ற விளையாட்டு மோடுகளை அணையுங்கள். டெஸ்ட் டோனைப் போட்டு, உட்காரும் இடத்தில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். ஒப்பிடப் போனிலுள்ள சத்த மீற்றரே போதும். எதற்குக் கீழான சத்தம் ஊஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிரொசோவர் 80 ஹேர்ட்ஸில் இருக்கட்டும். செட்டோடு மைக் வந்திருந்தால் அதைக் காது உயரத்தில் வைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டு அளவெடுங்கள்.

மருதமுனைத் தறியில் நெய்த தடித்த திரை எதிரொலியைக் குறைக்கும். பேஸை அது தடுக்காது. 43 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீற்றர். மதிலோடு மதில் ஒட்டிய ஊரில் அது நேரே போய்ச் சேருவது சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம். இன்றிரவே ஊஃபரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, பேஸைப் பாதிக்குக் குறைத்து, ஒரு படம் பாருங்கள்.