புருஷன் பக்கத்தில் இருந்தார்!

“விமானம் ஓட்டப் படிக்கப் போறேன் அத்தை” என்றாள் அண்ணன் மகள். கம்பத்தில் எங்கள் வீடே அதிர்ந்தது! “திராட்சை வித்துக் கல்யாணத்துக்குச் சேர்த்த காசுடி அது” என்று அம்மா ஒரே சத்தம்.

சகோதரிகளே, நான் சென்னை உஷா சுந்தரம் கதையை எடுத்தேன். கல்யாணம் ஆன பிறகுதான் அந்த அம்மாள் விமானம் ஓட்டக் கற்றார். பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேறினார். 1951-ல் சென்னை அரசாங்கத்துக்காக ‘டவ்’ விமானத்தை, கணவர் கேப்டன் சுந்தரத்துடன் சேர்ந்து, இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். (நமக்கோ சென்னை போகவே ஒரு ராத்திரி பஸ்!)

“புருஷன் விட்டாராக்கும்?” என்றாள் அம்மா.

“பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாரும்மா.”

அம்மா வெற்றிலையை மடித்தபடி இருந்தாள். மறுநாள் விடிந்ததும் அண்ணனிடம், “ஏம்ப்பா, அந்தப் படிப்புக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டாள். அண்ணன் தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்.