அந்தப் பட்டியலை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் ஓ.இ.சி.டி. அமைப்பு கல்வி பற்றி ஒரு தடித்த அறிக்கை வெளியிடுகிறது. 25 முதல் 64 வயது வரையான பெரியவர்களில் எத்தனை வீதமானோர் மேல் இடைநிலைக் கல்வியை, அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசிக் கட்டத்தை, முடித்திருக்கிறார்கள் என்று அதில் நாடு வாரியாக இருக்கும். கனடாவும் அமெரிக்காவும் 90 வீதத்துக்கு மேல். போர்த்துக்கல் 60 வீதமளவில். மெக்சிக்கோ பாதிக்கும் கீழே. யாராவது இதற்கு வர்ணம் தீட்டி வரைபடமாக்குவார்கள். அது எங்கள் வட்சப் குழுக்களுக்கும் வந்துசேரும். கூடவே "போர்த்துக்கீசர் படிப்பில் மொக்கு" என்று ஒரு வரி, நாலு சிரிப்புப் பொம்மை.

அனுப்புகிறவர்கள் இங்கே பிறந்து, இங்கே படித்து, புள்ளிவிபரவியலில் நல்ல மார்க்ஸ் எடுத்த தம்பி தங்கச்சிமார். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நான் தரவுகளோடு மாரடிக்கிற ஆள். இரண்டு நிறுவனங்களின் தரவுத்தளங்களை இணைக்கும்போது முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே பெயருள்ள நிரல் இரண்டிலும் ஒரே பொருளைக் குறிக்கிறதா? இந்தப் பட்டியலில் குறிப்பதில்லை. ஜேர்மனியில் பேக்கரியில் மூன்று வருடம் தொழில் பழகி, கூடவே தொழிற்பள்ளிக்கும் போய்ச் சோதனை பாஸ் பண்ணியவர் "முடித்தவர்". அமெரிக்காவில் பள்ளியை இடையில் விட்டு, பிறகு ஜி.ஈ.டி. சோதனை எழுதியவரும் "முடித்தவர்". அந்தச் சோதனை 1942இல் போருக்குப் போன படையினருக்காகத் தொடங்கியது. அதை எடுத்தவர்களின் வேலையும் சம்பளமும், பள்ளியை முடித்தவர்களைவிட இடையில் விட்டவர்களோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன என்று காட்டியவர் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன். பிரித்தானியாவில் 16 வயதில் ஐந்து ஜி.சி.எஸ்.ஈ. பாடங்களில் நல்ல தரம் எடுத்தவரையும் "முடித்தவர்" கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள். 16 வயது. எங்கள் அப்பா அம்மா ஊரில் ஓ.எல். எடுத்த வயது. அந்தப் பெயரே பிரித்தானியா தந்ததுதான். இங்கே 1988இல் அதை ஜி.சி.எஸ்.ஈ. ஆக்கிவிட்டார்கள், இலங்கையில் இன்னும் ஓ.எல். என்றே இருக்கிறது.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் ஏ.எல். சித்தியடைந்தவர். 2011 குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் அவருக்கு "வெளிநாட்டுத் தகைமைகள்" என்று ஒரு பெட்டி இருந்தது. அதோடு இங்குள்ள சமமான தகைமையையும் குறிக்கலாம், தெரிந்தால். யார் அவருக்குச் சொன்னது? ஒரு பெட்டியில் மட்டும் அடையாளம் போட்டார். அப்படிப் போட்டவர்கள் எல்லோரும் முடிவில் "ஏனைய தகைமைகள்" என்ற கூடைக்குள் போனார்கள். தூய கணிதமும் பௌதிகமும் படித்த மனிதர் அங்கே மட்டமே இல்லாத ஆள். நீங்கள் சிரிக்கிற வீதங்களுக்குப் பின்னால் இப்படியான பெட்டிகள்தான் இருக்கின்றன.

சான்றிதழும் படிப்பும் ஒன்றா என்பது வேறு கதை. அதே ஓ.இ.சி.டி. பெரியவர்களை உட்கார்த்தி வாசிக்கவும் கணக்குச் செய்யவும் விட்டு, 2013இல் முடிவை வெளியிட்டது. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் பள்ளிப் படிப்போடு நின்ற இளம் வயதினர், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பல்கலைக்கழகம் முடித்த அதே வயதினரை முந்தியிருந்தார்கள். இதை யாரும் வட்சப்பில் அனுப்பக் காணோம்.

இனிப் போர்த்துக்கலுக்கு வருவோம். அங்கே 1974 வரை சர்வாதிகாரம். சலசார் காலத்தில் கட்டாயக் கல்வியை மூன்று வருடத்துக்குக் குறைத்திருந்தார்கள். 1964இல்தான் அது ஆறு வருடமானது, 1986இல் ஒன்பது, 2009இல் பன்னிரண்டு. இன்று அறுபது வயதிலுள்ள போர்த்துக்கீசப் பெண்ணுக்கு அந்த நாட்டின் சட்டம் கேட்டது ஆறு வருடப் படிப்பு மட்டுமே. அந்த ஆறு வருடத்தையும் இந்த 60 வீதத்துக்குள் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். 25 முதல் 34 வயதினரை மட்டும் எடுத்தால் பத்தில் எட்டுப் பேர் முடித்தவர்கள். ஒரு தலைமுறைக்குள் மூளை வளர்ந்துவிட்டதா? ஒரு அரசாங்கம் நாற்பது வருடத்துக்கு முன் தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அதை ஒரு இனத்தின் புத்திக்கு அளவுகோலாகப் பிடிக்கிறீர்கள். போரால் ஏ.எல். எழுத முடியாமல் போன மாமா, சித்திமார் உள்ள வீட்டிலிருந்து இது வரலாமா?

நான் பட்டியல் போட்டால் வேறொன்றைக் கேட்பேன்: பள்ளியை விட்ட பெரியவருக்கு அந்த நாடு திரும்பக் கதவைத் திறக்கிறதா? போர்த்துக்கல் 2005இல் ஒரு திட்டம் தொடங்கியது. வேலையில் பழகியதை மதிப்பிட்டு, குறையைப் படிப்பித்து, பெரியவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் கொடுத்தார்கள். மலிவுச் சான்றிதழ் என்று திட்டியவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் கதவு திறந்தது. சுவீடனில் கொம்வுக்ஸ் என்ற பெரியோர் பள்ளி பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

இங்கிலாந்திலும் கதவு இருக்கிறது. 19 வயதுக்கு மேற்பட்டு, ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.ஈ. 4ஆம் தரம் இல்லாதவர்கள் அவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். பக்கத்துக் கொலிஜில் கேட்டால் சொல்வார்கள். கடையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கிற உங்கள் சித்தப்பாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். வட்சப்பில் அனுப்புவதென்றால் இதை அனுப்புங்கள்.