சயாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கிறோம்



இதை எழுதும் நாங்கள் கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் இன்னும் செம்பனைக் காட்டில்தான் இருக்கிறோம். சிலர் லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். எந்தக் கட்சிக்காகவும் எழுதவில்லை. 2025 ஜூன் மாதம் நம்மவர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஓடியதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜூன் 13ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22ஆம் தேதி அமெரிக்கா போர்டோ, நத்தான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்கள்மீது குண்டு போட்டது. 24ஆம் தேதி சண்டை நின்றது. அதற்குள் ஈரானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஈரானின் ஏவுகணைகளால் இஸ்ரேலிலும் உயிர்கள் போயின. நாமோ காற்பந்து ஆட்டத்துக்குக் கோல் எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். தீப்பற்றிய கட்டடத்தின் படத்துக்குக் கீழே கைதட்டும் பொம்மைகள்.

ஈரான் பச்சைப்பிள்ளை என்று சொல்ல வரவில்லை. மின்சாரம் எடுக்க யுரேனியத்தை 60 விழுக்காடுவரை செறிவூட்ட வேண்டியதில்லை. ஆனால் வல்லரசுகளோடு ஈரான் செய்த 2015 ஒப்பந்தம் அதை 3.67 விழுக்காட்டில் கட்டிப்போட்டிருந்தது. அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களும் உள்ளே போய்வந்தார்கள். 2018இல் அந்த ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது அமெரிக்கா. அதன் பிறகுதான் அளவு ஏறியது. அமெரிக்காவும் ஈரானும் நடத்திவந்த பேச்சின் அடுத்த சுற்று 2025 ஜூன் 15ஆம் தேதி மஸ்கட்டில் நடப்பதாக இருந்தது. இரண்டு நாள் முன்னதாகக் குண்டு விழுந்தது. அடுத்த மாதமே அந்த முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தியது ஈரான். குண்டு போட்டுக் கண்ட பலன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் கண்ணும் போனதுதான். முன்பும் இப்படித்தான், 2003இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி அமெரிக்கா தலைமையில் படையெடுத்தார்கள். நாட்டையே புரட்டித் தேடியும் அந்த ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை.

எங்கோ நடக்கிறது, நமக்கென்ன என்பவர்களுக்கு நம் சிலாங்கூர்க் கதை ஒன்று. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன ஒரு கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தபோது, யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் பாகங்கள் அகப்பட்டன. அவை ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் செய்தவை. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் கள்ளச்சந்தை அணு வலையமைப்புக்காக நடுவில் நின்று ஏற்பாடு செய்தவர் இலங்கைக்காரர். பாகங்கள் எதற்கென்று தொழிற்சாலைக்குத் தெரியாது என்றது நம் போலீஸ் அறிக்கை. அந்த டிசம்பரிலேயே லிபியா அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது, பேச்சுவார்த்தையால். 

அதைவிடப் பழைய கதை நம் லயங்களிலேயே இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ஏற்றிப்போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை. 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். பர்மாவை யார் பிடிப்பது என்ற சண்டைக்கும் பால்மரம் வெட்டியவனுக்கும் என்ன சம்பந்தம்? கங்காணி பேர் வாசித்தான், லாரி வந்தது, ஏறினார்கள்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததால்தான் சயாமில் இருந்தவர்கள் உயிரோடு வந்தார்கள் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நாங்கள் தள்ளிவிடவில்லை. முகாமில் கிடந்தவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் ‘குண்டைத் தவிர வேறு வழியில்லை’ என்று, மஸ்கட்டில் நாற்காலி போட்டு வைத்திருக்கும்போது சொன்னால் நாம் ஏன் நம்ப வேண்டும்?

ஆகவே கேட்கிறோம். போர்க் காட்சிகளைப் பரப்பாதீர்கள். வந்தால் உங்களோடு நிற்கட்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மலாயிலோ தமிழிலோ. ஆய்வாளர்கள் ஈரானுக்குத் திரும்பவும், பேச்சு மறுபடி தொடங்கவும் மலேசியா குரல் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை 2020இல் உறுதிசெய்த நாடு நம்முடையது. 2025இல் ஆசியானுக்குத் தலைமை வகித்ததும் நாமே. தென்கிழக்காசியாவில் அணு ஆயுதம் கூடாது என்று 1995இல் பாங்காக்கில் போட்ட ஒப்பந்தத்தின் நெறிமுறையில் ஐந்து அணு வல்லரசுகளில் ஒன்றுகூட 2025 ஜூன்வரை கையெழுத்திடவில்லை. அதையும் கேளுங்கள்.

ஆகஸ்டு 6ஆம் தேதி, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள். அன்று மாலை உங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுங்கள். சயாமுக்குப் போன உங்கள் வீட்டு ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா இல்லையா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அவர்களை லாரியில் ஏற்றியதைப் பார்த்த குழந்தைகளுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வாரமே போய்க் கேளுங்கள்.