கொட்டியாரக் குடாவின் பேச்சுக்கு ஒரு வரைபடம்

1876ஆம் ஆண்டில் கேயோர்க் வெங்கர் என்னும் ஜேர்மானிய இளைஞர், தமது ஊராகிய டுசல்டோர்ஃப் நகரைச் சூழ்ந்த ரைன் நதிப் பிரதேசத்துப் பாடசாலை ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்கள் அச்சிட்ட தாள் ஒன்றை அனுப்பி, அவற்றைத் தத்தம் ஊர் ஜனங்கள் வாயாற் சொல்லுகிறபடியே எழுதித் தரும்படி வேண்டிக்கொண்டார். குளிர்காலத்திற் பறக்கும் சருகு, பால் விரைவிற் கொதிக்கும்படி அடுப்பிலே போடும் கரி, உப்பும் மிளகும் சேர்க்காமல் முட்டை தின்னும் ஒருவன் என்று, எந்தக் குடியானவன் வீட்டிலும் எந்நாளும் வழங்கும் விஷயங்களே அவ்வாக்கியங்களில் இருந்தன. பின்னர் நாற்பதாக வரையறுக்கப்பட்ட அத்தாள் ஜேர்மன் தேசம் முழுவதும் சென்று, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஆசிரியர்களின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மார்பூர்க் நகரிலே அத்தாள்களை வைத்துக்கொண்டு வெங்கரும் அவருடைய சகாக்களும் கையால் வரைந்த வரைபடங்களிலிருந்தே, ஜேர்மன் மொழியியலில் இன்றுவரை வளர்ந்துவரும் ஒரு பெருந்துறை பிறந்தது.

பேச்சுவழக்குகளுக்கு இடையே வேலி போட்டாற்போன்ற எல்லைகள் இருக்கும் என்பதே அக்காலத்துப் பண்டிதர் பலருடைய எண்ணம். வரைபடமோ வேறு செய்தி சொல்லிற்று. ‘செய்தல்’ என்னும் பொருள்தரும் சொல்லின் ஒலி ரைன் நதிக்கரையில் பென்ராத் என்னுமிடத்தில் மாறுகிறது. ‘நான்’ என்னும் சொல்லோ அதற்கு வடக்கே ஊர்டிங்கன் என்னுமிடத்தில் மாறுகிறது. ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, ரைன் கரையில் விசிறிபோல் விரிந்து நிற்கிறது. அந்த எல்லைகளிற் பல பழைய குறுநில ஆட்சிகளின் எல்லைகளைத் தழுவியே அமைந்தன என்பதைப் பிற்காலத்தில் தேயோடோர் ஃப்ரிங்ஸ் முதலியோர் எடுத்துக் காட்டினர். யார் யாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர், எந்தச் சந்தைக்குப் போயினர், எந்த அதிகாரத்துக்கு வரி கட்டினர் என்னும் சரித்திரம் முழுவதும், ஏட்டில் எழுதப்படாதபோதும் நாவிலே எழுதப்பட்டிருந்தது. இன்று வெங்கரின் வரைபடங்கள் கணினித் திரையிலே எவரும் காணும்படி வைக்கப்பட்டுள்ளன. 2003 முதல் எல்ஸ்பாஸ், மோலர் என்னும் இரு அறிஞர்கள், அன்றாடப் பேச்சில் எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் வழங்குகிறதென்று பொதுமக்களிடமே இணையவழி வினவி, புதிய வரைபடங்களை வெளியிட்டு வருகிறார்கள்.

திருகோணமலை மாவட்டத்துச் சீனன்குடாவில் வாழும் ஒருவனுக்கு இந்த ஜேர்மன் ஆராய்ச்சியில் என்ன பாத்தியதை என்று கேட்கலாம். இங்கிருந்து எந்தத் திசையில் ஒரு மணி நேரம் பயணம் செய்தாலும் பேச்சு மாறுகிறது என்பதே என் விடை. எண்ணெய்க் குதங்களையும் விமானத் தளத்தையும் மாமில்லையும் புகையிரத நிலையத்தையும் சுற்றி எழுந்த எங்கள் குடியிருப்பு, பல திக்குகளிலிருந்து தொழில் தேடி வந்தவர்களின் குடியிருப்பு. மேற்கே தம்பலகாமத்து வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழும் குடிகளின் தமிழ் ஒன்று. தெற்கே கிண்ணியாவின் முஸ்லிம் மக்களது தமிழ் பிறிதொன்று. கொட்டியாரக் குடாவின் அக்கரையில் மூதூரும் சம்பூரும். அதற்கப்பால் வெருகல் வரையில், வேடர் வழிவந்தோராய்த் தமிழ் பேசி வாழும் கரையோர மக்கள். கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களிற் சிங்களம். பட்டணத்திலே போர்த்துக்கேயக் கலப்புமொழியை வீட்டிற் பேசிவந்த பறங்கியர் சிலர். இத்தனையும் ஒரு குடாவைச் சுற்றி! கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை மிதவைப் பாதையில் ஏறியே அக்கரைக்குப் போகவேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் பேச்சுக்கும் எல்லையாக இருந்ததா, பாலம் வந்தபின் அந்த எல்லை கரைகிறதா என்பன விடை காணத்தக்க கேள்விகள். இந்தத் தலைமுறை கேளாவிட்டால் அடுத்த தலைமுறையால் அவற்றைக் கேட்கவும் முடியாது.

யாழ்ப்பாணத்தார் ‘அவன்’, ‘இவன்’ என்பவற்றோடு, பழைய நூல்களிற் காணும் ‘உவன்’, ‘உது’ என்பவற்றையும் இன்னும் வழங்குகிறார்கள்; அந்த ‘உது’ தெற்கு நோக்கி வரும்போது எந்த ஊரில் நின்றுவிடுகிறது? மட்டக்களப்பார் ‘பிறகு’ என்னும் பொருளிற் சொல்லும் ‘மறுகா’ வடக்கு நோக்கி வரும்போது வெருகலாற்றைக் கடக்கிறதா? தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எந்தக் கரையார் சோளகம் என்கிறார்கள், எந்தக் கரையார் கச்சான் என்கிறார்கள்? தமையனைக் ‘காக்கா’ என்றழைக்கும் வீடுகளும் ‘நானா’ என்றழைக்கும் வீடுகளும் எங்கே சந்திக்கின்றன? இவை விநோதத்துக்காகக் கேட்கும் கேள்விகளல்ல. எங்கள் மாவட்டத்தின் குடிவரவுச் சரித்திரத்தை, இனப் பெருமையும் இனப் பகைமையும் புகுந்து கலக்காத ஒரு சாட்சியைக் கொண்டு அறிவதற்கு உள்ள வழிகளில் இது ஒன்று.

சூடுமிதிக்கும் களத்தின் பாஷையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. நெற்போரை எருமைகளைக் கொண்டு மிதிப்பித்த காலத்தில், களத்துக்குள் இறங்கியவர்கள் வீட்டில் வழங்கும் சொற்களை வெளியே விட்டுவிட்டு, நெல்லைப் ‘பொலி’ என்பதுபோல, ஒவ்வொரு பொருளுக்கும் மங்கலமான வேறு சொல்லையே எடுத்தாளுவார்கள். குறைவைக் குறிக்கும் சொல் களத்தில் ஒலித்தால் விளைவும் குறையும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சிங்கள விவசாயிகளிடத்தும் இவ்வழக்கம் இருந்தது. வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி அறுத்து, அடித்து, தூற்றி, சாக்கில் நெல்லைக் கொட்டத் தொடங்கியபின் களமும் இல்லை, களத்து மொழியும் இல்லை. மெசினைக் குறைசொல்வது என் நோக்கமன்று. வெயிலில் முறிந்த உழவனுடைய முதுகு நிமிர்ந்தது நல்லதே. ஆயினும் அம்மொழியைப் பேசியவர்களில் எஞ்சியோர் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். அவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைத்துக்கொள்ள ஒரு கொப்பியும் ஒரு கைத்தொலைபேசியும் போதும்.

இரண்டாம் மகாயுத்தத்தின் பின் ஐரோப்பாவின் கிழக்குப் பிரதேசங்களிலிருந்து துரத்தப்பட்ட இலட்சக்கணக்கான ஜேர்மானியர் மேற்கே வந்து குடியேறினர். 1955 முதல் எபர்ஹார்ட் ஸ்விர்னர் என்பவர் மேற்கு ஜேர்மனியின் பேச்சுவழக்குகளை ஒலிப்பதிவு செய்தபோது, ஊர் இழந்த அந்த மக்களையும் விட்டுவிடாமல், அவர்கள் துறந்து வந்த மண்ணின் பேச்சையும் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் மன்ஹைமில் உள்ள ஜேர்மன் மொழி நிறுவனத்திற் காக்கப்படுகின்றன. இச்செய்தியை வாசித்தபோது நான் எங்கள் மக்களையே நினைத்தேன். எங்கள் நாட்டுப் போரினால் 1990இல் இந்தியாவுக்குக் கடல் கடந்தவர்கள் எத்தனை பேர்! 2006இல் சம்பூரையும் மூதூர் கிழக்கையும் விட்டோடி, கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் எத்தனை பேர்! முகாமிலே பிறந்து வளர்ந்த பிள்ளை எந்த ஊர்ப் பேச்சைப் பேசும்? ஊர் திரும்பிய தாயின் சொற்களில் எவை அவளோடு திரும்பின, எவை வழியில் உதிர்ந்தன? நாம் இழந்த வீடுகளுக்கும் வயல்களுக்கும் கணக்கெடுத்தவர்கள் உண்டு. இந்த இழப்புக்குக் கணக்கெடுத்தவர் இல்லை.

ஈழத்துப் பேச்சுத்தமிழை ஆராய்ந்த பெரியோர்களை நான் மறக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழைப் பற்றிச் சுசீந்திரராசாவும், ஈழத்துப் பேச்சுத்தமிழின் ஒலியமைப்பைப் பற்றிச் சண்முகதாசும், முஸ்லிம்களின் தமிழைப் பற்றி நுஃமானும் செய்த பணி அருமையானது. செக்கோசிலவாக்கியராகிய கமில் சுவெலபில், பேச்சுவழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிகவும் நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று அபிப்பிராயப்பட்டார். கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்துக்குள் நுழையவில்லை. இலங்கைக்கு வரும் பேச்சே எழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி யாழ்ப்பாண வழக்குகளைத் தனிக் குறியிட்டுக் காட்டிற்று. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அகராதி சொல்லைத் தருமேயன்றி, அச்சொல் எந்தத் துறையில் தொடங்கி எந்தத் துறையில் முடிகிறது என்பதைத் தராது.

பேச்சுவழக்கு கொச்சை, அதை எழுதி வைப்பது தமிழுக்கு இழுக்கு என்று சொல்லும் தமிழாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழன்பை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். எழுதுவதற்கு ஒன்றும் பேசுவதற்கு ஒன்றுமாக இருவடிவம் கொண்ட மொழிகளைப் பற்றி மொழியியலறிஞர் ஃபெர்குசன் 1959இல் எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று சுவிற்சர்லாந்தின் ஜேர்மன். அந்நாட்டிலே பேராசிரியரும் மந்திரியும் தம் ஊர்ப் பேச்சையே கூசாமற் பேசுகிறார்கள். பத்திரிகையும் பாடநூலும் செம்மையான ஜேர்மனிலேயே இருக்கின்றன. 1862இல் அவர்கள் தொடங்கிய பேச்சுமொழிப் பேரகராதி தலைமுறைகளைக் கடந்தும் தொகுதி தொகுதியாக வெளிவந்துகொண்டிருக்கிறது. இதனால் அவர்களுடைய எழுத்துமொழிக்கு ஒரு குறையும் நேரவில்லை.

இவ்விதம் வரைபடம் வரைந்தால் தமிழரையும் முஸ்லிம்களையும் மேலும் பிரித்துக் காட்டுவதாகும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சத்துக்கு எங்கள் அண்மைச் சரித்திரத்திலே காரணம் இருக்கிறது. ஆனால் ரைன் கரையின் வரைபடம் காட்டியதைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி எல்லை இருக்கலாம்; அது மதத்தின் எல்லையோடு ஒட்டிச் செல்லவேண்டுமென்று ஒரு விதியும் இல்லை. உறவுப் பெயர்களிற் பிரிந்திருக்கும் இரண்டு ஊர்கள் வலையின் பெயர்களிலும் காற்றின் பெயர்களிலும் ஒன்றாக இருக்கக்கூடும். இருந்தால் அதை நாம் அறியவேண்டாமா?

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகள் அனைத்துக்கும், சிங்கள மொழிப் பாடசாலைகள் உட்பட, நாற்பது வாக்கியங்கள் கொண்ட தாள் ஒன்றை வலயக் கல்வி அலுவலகங்கள் மூலம் அனுப்பும் பொறுப்பைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் ஏற்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வாக்கியங்கள் கரைவலையையும் வயலையும் அடுக்களையையும் பிள்ளைப்பேற்றையும் பற்றியனவாக இருக்கட்டும். உயர்தர வகுப்பு மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் அவற்றைக் கேட்டு, சொன்னபடியே எழுதவும், சம்மதம் பெற்று ஒலிப்பதிவு செய்யவும் ஆசிரியர்கள் வழிகாட்டலாம். வெங்கருக்குக் கிட்டாத ஒலிப்பதிவுக் கருவி இன்று வீடுதோறும் இருக்கிறது. பறங்கியர் வீடுகளுக்கு அவர்களுடைய கலப்புமொழியை அறிந்த ஒருவரை அனுப்பவேண்டும். திரட்டியவற்றில் ஒரு பிரதி வளாகத்தில் இருக்க, மற்றொரு பிரதி அந்தந்த ஊர்ப் பாடசாலையிலேயே வைக்கப்படவேண்டும். முதற்றாளைப் புதிய தவணை தொடங்குமுன் அனுப்புவது நல்லது. மாரி தொடங்கிவிட்டால் வெருகற் பக்கத்துப் பாதைகள் வெள்ளத்தில் அகப்பட்டுவிடும்.